நகக்கண்ணா, நகமடிப்பா: விரல் இரத்த ஓட்டச் சோதனைகளுக்குப் பெயர்

> விரலின் நுண்ணிய இரத்தநாளங்களை உருப்பெருக்கிப் பார்க்கும் கேபிலரோஸ்கோப்பிக்கு ‘நகக்கண் நோக்கல்’ போதாதுங்களா அக்கா?

போதாதுங்க தம்பி. நகக்கண் என்றால் முள் ஏறுகிற இடம், நகநுனிக்குக் கீழுள்ள இடுக்கு. இந்தச் சோதனை பார்ப்பது நகம் புறப்படும் இடத்துத் தோல்மடிப்பை, அதாவது நகமடிப்பை. அங்கேதான் நுண்நாளங்கள் படுத்தவாக்கில் ஓடும். கொண்டை ஊசிபோல வளைவு முழுசாகத் தெரியும். மற்ற இடங்களில் நட்டுக்குத்தலாக நிற்பதால் வெறும் புள்ளிதான். ‘நகவேர்’ தோலுக்கு அடியில் இருக்கும் வேறு உறுப்பு. எனவே நகமடிப்பு நுண்நாள நோக்கல். ஒரு சொட்டு எண்ணெய், 200 மடங்கு உருப்பெருக்கம், கட்டைவிரல் நீங்கலாக 8 விரல்கள்; மோதிரவிரலிலும் சுண்டுவிரலிலும் தெளிவு கூடுதல். மில்லிமீட்டருக்கு 7 நாளங்களுக்குக் குறைந்தாலோ, 50 மைக்ரான் தாண்டிப் பருத்திருந்தாலோ தோல் தடித்து இறுகும் ஸ்க்லீரோடெர்மா நோயைச் சந்தேகிக்க வேண்டும். மருதாணி வைத்த விரலில் எண்ணுவது சிரமம்.

தெர்மோகிராபிக்கு ‘குருதியோட்ட வெப்பப்படம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சொல்லை எடுத்துவிடுங்கள். கேமரா அளப்பது தோலின் சூட்டை மட்டுமே. ஓட்டம் நம் ஊகம். மார்கழிக் காலையில் ஊட்டியிலிருந்து பைக்கில் இறங்கியவருக்கு நல்ல விரலும் குளிர்ந்தே தெரியும். 23 டிகிரி அறையில் 20 நிமிடம் உட்காரவைத்து, கையுறையோடு 15 டிகிரி நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, எவ்வளவு நேரத்தில் சூடு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். கோவை வார்ப்படப் பட்டறைகளில் கிரைண்டர் பிடிக்கிறவர்களுக்கு வரக்கூடிய அதிர்வு விரல்வெளுப்பில் இது உதவும். நகமடிப்பில் பருத்த நாளம் அந்த நோயின் அடையாளமல்ல.

லேசர் ஒளியால் இரத்த ஓட்டம் பார்க்கும் இரண்டு சோதனைகள் மீதி. லேசர் டாப்ளரில் டாப்ளர் ஆள்பெயர், இருக்கட்டும். லேசர் ஸ்பெக்கிளுக்கு ‘புள்ளிமங்கல் படம்’ எப்படி?

—

அக்கா, நகமடிப்பு சரிங்க. மங்கல்தான் இடிக்குது. இரத்தம் ஓடும் இடத்தில்தான் லேசர்ப் புள்ளிகள் கலைந்து மங்கும். அறிக்கையில் ‘மங்கல் அதிகம்’ என்று படித்தால் நோயாளி பயந்துவிடுவார். உண்மையில் அது நல்ல சேதி. ‘லேசர் மினுங்கல் படம்’ எனலாமா? ஓட்டம் கூடினால் மினுங்கலும் கூடும், சொல்லும் பொருளும் ஒரே திசையில் போகும். ‘மினுக்கல்’ வேண்டாம், கேலிக்கு இடமாகிவிடும்.

டாப்ளர் வருடி புள்ளி புள்ளியாக நகர்வதால் ஒரு கைக்கே நிமிடக்கணக்கில் ஆகும். மினுங்கல் படம் முழுக் கையையும் ஒரே சட்டகத்தில் பிடிக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வில்லங்கம்: கை நடுங்கினாலும் ஓட்டம் என்றே கணக்கில் ஏறும். விளக்கக் குறிப்பில் ‘கையை மெத்தையில் அசையாமல் வைக்கவும்’ என்று சேர்த்துவிடுங்க.