ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக்: படம் சிக்கிச் சிக்கி ஓடுகிறது, முதல் பாஸைத் தாண்ட முடியவில்லை. உதவி தேவை

எர்ணாவூர் கேமர்

வணக்கம் மக்களே. ஸ்டீம் தள்ளுபடியில் ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக் இண்டர்கிரேட் கேமை வாங்கினேன். 1997-இல் வந்த மூலத்தை ஆடியதில்லை, அதனால் எல்லாமே எனக்குப் புதிது.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். மிட்கார் நகரம் மனதைப் பிடித்துக்கொண்டது. மேலே தட்டு, அதன் மேல் வசதியான வீடுகள், கீழே சேரி, சுற்றிலும் எட்டு மாக்கோ உலைகள். முதல் உலைக்குள் நுழையும்போது நம் கூட்டாளி பாரெட், பூமியின் உயிரை உறிஞ்சித்தான் இந்த மின்சாரம் வருகிறது என்று கத்துகிறான். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும், மாடியில் காயும் துணியில் சாம்பல் படியும். அவன் பேச்சு எனக்கு வெறும் கதை வசனமாகக் கேட்கவில்லை.

இப்போது பிரச்சினை. இரண்டு.

ஒன்று, படம் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. கேமராவைத் திருப்பினால் ஒரு வெட்டு, புதிய எதிரி வந்தால் ஒரு வெட்டு, கதவு திறந்தால் ஒரு நொடி அப்படியே நிற்கிறது. அரை மணி நேரம் போனால் இன்னும் மோசம். லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1650 நான்கு ஜிபி, ரைசன் 5, எட்டு ஜிபி ரேம். கேம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, எஸ்எஸ்டியில் இடம் இல்லை.

இரண்டு, சண்டை. அடிக்கும் பொத்தானை விடாமல் அழுத்துகிறேன், கதாநாயகன் க்ளவுட் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறான். ஆனாலும் முதல் பாஸான, அதாவது முதல் பெரிய எதிரியான, ஸ்கார்பியன் சென்டினல் என்ற அந்த இயந்திரத் தேள் என்னைக் கொன்றுவிடுகிறது. உருண்டு விலகினாலும் அடி விழுகிறது. படம் வெட்டுவதால்தான் தோற்கிறேனா, சண்டையே இப்படித்தானா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காசிமேடு கீபோர்ட்

மாலையில் நம்ம பக்கம் வோல்டேஜ் இறங்குகிறது, அதுதான் காரணமாக இருக்கும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள் ப்ரோ.

பெரம்பூர் லோகோ

கீபோர்ட் தம்பி, லேப்டாப்புக்கு அது பொருந்தாது. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். 180-க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஆட வேண்டாம், அவ்வளவுதான்.

எர்ணாவூர் தம்பிக்கு: ‘சிக்குகிறது’ என்று நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முகத்தைக் காட்டும்.

ஓர் இடத்தில் முதல் தடவை வெட்டி, செத்துத் திரும்ப வந்து ஆடும்போது அதே இடம் வழுக்கிக்கொண்டு போனால் அது ஷேடர் (ஒளி, நிழல், புகையைத் திரையில் வரையும் சிறு நிரல்) கோளாறு. இந்த கேம் அன்ரியல் என்ஜின் 4-இல் செய்தது. டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடும்போது, திரையில் ஒரு புதிய ஒளியோ புகையோ வரும் அந்த நொடியில்தான் அதற்கான ஷேடரைத் தயாரிக்கிறது. அது முடியும்வரை படம் காத்திருக்கிறது. உயர்ந்த கார்டு வைத்திருப்பவர்களும் இதைப் பட்டிருக்கிறார்கள், எனவே உங்கள் லேப்டாப்பைத் திட்ட வேண்டாம். ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பெயர் மேல் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அங்கே லாஞ்ச் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பெட்டி. அதில் ஒரு சிறு கோடு போட்டு, இடைவெளி விடாமல் சின்ன எழுத்தில் டி, எக்ஸ், 11 என்று தட்டுங்கள். கேம் டைரக்ட்எக்ஸ் 11-இல் திறக்கும், வெட்டு நன்றாகவே குறையும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் சைஸை 10 ஜிபி ஆக்கிவிடுங்கள்.

கதவு திறந்ததும் ஒரு நொடி நிற்பது ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பாருங்கள், அந்த நேரத்தில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கும். இந்த கேமுக்கு 100 ஜிபி இடம் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் எஸ்எஸ்டியில் வேறு எதை அழித்தாவது அந்த இடத்தைக் கொடுங்கள். புதிதாக இறக்க வேண்டாம். அதே ப்ராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ் என்ற பகுதிக்குப் போய் மூவ் கொடுத்தால் அப்படியே நகர்ந்துவிடும்.

அரை மணிக்குப் பிறகு மோசமாவது சூடு. இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து என் மேசைக்கு வரும் லேப்டாப்களைத் திறந்தால், விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று வெளியேற வழியே இருக்காது. கடல் காற்றின் ஈரம் சேர்ந்து அது இறுகியும் போகும், வெளியிலிருந்து ஊதினால் போகாது. பின்மூடியைக் கழற்றி, விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றுங்கள். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், திருகுகள் அளவு மாறி இருக்கும்.

செட்டிங்ஸில் ஃப்ரேம் ரேட் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

எர்ணாவூர் கேமர்

120 அண்ணா. அதிகம் வைத்தால் நல்லது என்று நினைத்தேன். படம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கிறது.

பெரம்பூர் லோகோ

மங்கலுக்குக் காரணம் அதுதான். நீங்கள் கேட்ட வேகத்தை எட்ட இந்த கேம் தானாகவே ரெசல்யூஷனை இறக்கிக்கொள்ளும். மெனுவில் அதை நிறுத்த வழி வைக்கவில்லை, அது அவர்கள் செய்த குறை. 60 வையுங்கள். ஷேடோவை லோ ஆக்குங்கள். திரையில் எத்தனை பேரைக் காட்டலாம் என்று ஓர் எண் இருக்கும், 10 வரை போகும். அதைப் பாதியாக்குங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஏழாம் செக்டர் சேரிக்கு வரும்போது கூட்டம் நிறைய, அங்கே இதன் பலன் தெரியும்.

புதுவண்ணை நிலா

இயந்திரத்தை லோகோ அண்ணன் பார்த்துக்கொள்வார், நான் தேளுக்கு வருகிறேன்.

தம்பி, இது பார்க்கத்தான் ஆக்‌ஷன் கேம். அடிக்கும் பொத்தானின் முதல் வேலை எதிரியைக் கொல்வது இல்லை, கீழே இருக்கும் ஏடிபி (ஆக்டிவ் டைம் பேட்டில்) கட்டங்களை நிரப்புவது. உண்மையான அடி அந்தக் கட்டத்தைச் செலவழித்துச் செய்யும் திறமைகளிலும் மந்திரத்திலும் இருக்கிறது. மருந்து கொடுக்கவும் அதே கட்டம்தான். நிரம்பியதும் கட்டளை மெனுவைத் திறங்கள், காலம் ஊர்ந்து போகும், நிதானமாக யோசிக்கலாம். இதைச் செய்யாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் எந்த பாஸும் சீக்கிரம் சாகாது.

அடுத்தது, உருள்வது. வேறு கேம்களில் உருளும்போது அடி படாது. இங்கே உருள்வது உங்களைக் காப்பாற்றாது, இடம் மாறத்தான் உதவும். தடுத்து நிற்கப் பழகுங்கள். தடுத்தால் அடியும் குறையும், ஏடிபியும் ஏறும். க்ளவுடைப் பனிஷர் நிலைக்கு மாற்றிவிட்டுத் தடுத்தால், கிட்டே வந்து அடிப்பவனைத் தானாகவே திருப்பி அடிப்பான். துப்பாக்கிச் சூட்டுக்கும் மந்திரத்துக்கும் அது செல்லாது.

அப்புறம் பாரெட்டைத் தனியே விட்டிருக்கிறீர்கள். நீங்கள் யாரை ஓட்டுகிறீர்களோ அவரைத்தான் எதிரிகள் அதிகம் குறிவைப்பார்கள், அவருக்குத்தான் ஏடிபி வேகமாக ஏறும். மற்றவர் சும்மா நிற்பது போலத் தெரிவது அதனால்தான். மாறி மாறி ஓட்டுங்கள். தேளுக்கு மின்னல் ஆகாது. பாரெட்டுக்கு மாறி, தூரத்திலிருந்து சுட்டு, கட்டம் நிரம்பும்போதெல்லாம் தண்டர் போடுங்கள். அதன் மேல் ‘ப்ரெஷர்ட்’ என்று எழுத்து வந்தால் உடனே க்ளவுடின் ஃபோகஸ்ட் த்ரஸ்ட் திறமையைப் போடுங்கள். தேள் தடுமாறி விழும், அந்தச் சில நொடிகளில் கையில் இருப்பதையெல்லாம் கொட்டுங்கள்.

நடுவில் தன்னைச் சுற்றி ஒரு திரை போட்டுக்கொள்ளும். முன்னால் நின்று அடித்துப் பயன் இல்லை, பின்பக்கம் போய் அங்கிருக்கும் ஜெனரேட்டரை உடைக்க வேண்டும். கடைசியில் வாலைத் தூக்கி லேசர் அடிக்கும்போது, மேலிருந்து விழுந்த இடிபாட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். தடுத்து நின்று சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ராயபுரம் பழைய ப்ளேஸ்டேஷன்

நிலா சொன்னது அத்தனையும் சரி. அதன் வேர் பழையது. ஏடிபி என்ற முறை 1991-இல் வந்த நான்காம் பாகத்திலேயே இருக்கிறது. மூலத்தில் கட்டம் நேரத்தோடு தானாக நிரம்பும், நாம் காத்திருந்து கட்டளை கொடுப்போம். 2020-இல் ரீமேக் செய்தவர்கள் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு, நீயே அடித்து நிரப்பு என்று கையில் கொடுத்துவிட்டார்கள். இதுதான் இந்த ரீமேக்கின் மிகச் சிறந்த வேலை என்பேன். பழைய சண்டையின் மூளை அப்படியே இருக்கிறது, கைக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

பொத்தான் வேகம் பிடிக்காதவர்களுக்கு க்ளாசிக் என்று ஒரு நிலை உண்டு. ஓடுவது, அடிப்பது, தடுப்பது எல்லாம் தானாக நடக்கும், நாம் கட்டளை மட்டும் கொடுக்கலாம். இண்டர்கிரேட்டில் அதை நார்மல் கடினத்திலும் வைக்கலாம். கூச்சப்படாமல் ஓரிரு சண்டைக்குப் போட்டுப் பாருங்கள், எந்த நேரத்தில் எதைச் செலவழிப்பது என்பது பிடிபடும்.

பர்மா பஜாரில் வாங்கிய மூன்று சிடியில் மூலத்தை ஆடியவன் என்ற முறையில் ஒன்று. மிட்கார் அங்கே கதையின் தொடக்கம் மட்டும், சில மணி நேரத்தில் நகரை விட்டு வெளியேறிவிடுவோம். இங்கே 18 அத்தியாயமும் அந்த நகரம்தான். அவசரப்படாதீர்கள்.

எர்ணாவூர் கேமர்

எல்லோருக்கும் நன்றி. செய்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

டைரக்ட்எக்ஸ் 11 போட்டதும் கேமரா திருப்பும்போது வந்த வெட்டு கிட்டத்தட்ட போய்விட்டது. ஒரு பழைய கேமை அழித்து இதை எஸ்எஸ்டிக்கு நகர்த்தினேன், கதவுகளில் நிற்பதில்லை. பின்மூடியை என் மாமா கழற்றிக் கொடுத்தார், அண்ணன் சொன்ன அதே சாம்பல் நிறத் தூசி. சுத்தம் செய்த பிறகு டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் சூடு 87-இலிருந்து 74-க்கு இறங்கிவிட்டது.

தேளையும் முடித்தேன். பாரெட்டை ஓட்டியதுதான் திருப்பம். அவன் தூரத்தில் நின்று சுடும்போது களம் முழுவதும் தெரிகிறது, எப்போது க்ளவுடுக்கு மாற வேண்டும் என்பதும் தெரிகிறது. இப்போது மூன்றாம் அத்தியாயம். சேரி மக்கள் பேசிக்கொண்டே இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தண்ணீர் வடிகட்டிக்கு ஃபில்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக்கூட ஆசையாகச் செய்தேன்.

மூன்று சந்தேகம். இரண்டாம் அத்தியாயத்திலேயே வில்லன் செஃபிரோத் வந்துவிடுகிறானே, மூலத்திலும் இப்படித்தானா? க்ளவுடின் அறைக் கதவு மங்கலாக இருக்கும் என்று எங்கோ படித்தேன், எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. கூட்டமான இடத்தில் இன்னும் லேசாகத் தடுமாறுகிறது, ரேம் ஏற்றலாமா?

ராயபுரம் பழைய ப்ளேஸ்டேஷன்

மூலத்தில் மிட்காரில் அவன் முகத்தையே பார்க்க மாட்டீர்கள். அவன் செய்துவிட்டுப் போனதை மட்டும் பார்ப்போம், அதுவே நடுக்கும். சீக்கிரமே காட்டியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏன் காட்டினார்கள் என்பதற்குக் கதையில் ஒரு காரணம் இருக்கிறது, அதை இங்கே யாரும் எழுத வேண்டாம், தம்பி ஆடி முடிக்கட்டும்.

புதுவண்ணை நிலா

கதவு பிஎஸ்4-இல் வந்த முதல் பதிப்பின் குறை. இண்டர்கிரேட்டில் சரிசெய்துவிட்டார்கள், பிசிக்கு வந்திருப்பது அதுதான். சேரியில் சாட்லி என்ற பையனைக் கண்டிப்பாகப் பாருங்கள், அசெஸ் மட்டீரியா என்ற மந்திரக் கல்லைத் தருவான். அதை மாட்டிவிட்டால் ஒவ்வொரு எதிரிக்கும் எது ஆகாது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் லோகோ

ரேம் ஏற்றுங்கள், பலன் உண்டு. எட்டு ஜிபி ஒரே துண்டாக இருந்தால் இன்னொரு எட்டு போடுங்கள், இரண்டு சேனலில் ஓடும்போது கூட்டமான இடங்களில் தடுமாற்றம் குறையும். ரிச்சி தெருவுக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் காலி என்று அதில் இருக்கும். கடைக்காரரிடம் அதைக் காட்டி அதே டிடிஆர் வகை, அதே வேகம் கேளுங்கள்.