'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் பேஸ் கேட்காததற்கு யார் காரணம்?

நாலுகம்பி (அம்மாபேட்டை, சேலம்)

மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் விஷயத்தில் எங்கள் குழுவுக்குள் பெரிய சண்டை. நான் பேஸ் (அடித்தொனி தரும் நாலு கம்பி கிட்டார்) வாசிக்கிறேன். "1988-இல் வந்த அந்த ஆல்பத்தில் பேஸே கேட்காது, அப்படியும் உலகமே கொண்டாடுது. அப்புறம் உனக்கு எதுக்குப் புது ஆம்ப்?" என்று கேட்கிறான் கிட்டார் வாசிக்கும் நண்பன். அதில் பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் சரியாக வாசிக்காததால்தான் சத்தத்தைக் குறைத்தார்கள் என்கிறான் எங்கள் டிரம்மர். 1986 செப்டம்பரில் சுவீடனில் பஸ் கவிழ்ந்து மெட்டாலிகாவின் முந்தைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அந்த துக்கத்தையும் கோபத்தையும் புதிதாக வந்தவர் மேல் காட்டினார்கள் என்பது என் கட்சி.

இது எனக்கு வெறும் அரட்டை இல்லை. நாங்கள் பயிற்சி செய்யும் அறைக்கு அடுத்த வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. பாட்டு ஆரம்பித்தவுடன் முதலில் காணாமல் போவது என் பேஸ்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

த்ராஷ்பித்தன்

கிளிஃபோடு மெட்டாலிகா முடிந்துவிட்டது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பம் வரைக்கும் பேஸ் தனியாகப் பாடும். பிறகு வந்தவர் கிட்டார் என்ன வாசித்ததோ அதையே வாசித்தார். கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். உங்கள் டிரம்மர் சொல்வது சரி.

ஸ்பீக்கர்பெட்டி (சூரமங்கலம்)

பித்தன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்து ஒரு நல்ல கலைஞனைத் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஆடித் திருவிழா மேடைகளுக்கும் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மிக்சர் பார்க்கிறவன், தம்பி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நியூஸ்டெட்டுக்கு வாசிக்கத் தெரியாது என்பவர்கள் 1987-இல் வந்த மெட்டாலிகாவின் 'கராஜ் டேஸ்' ஈ.பி.யைக் (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) கேட்க வேண்டும். அதே நான்கு பேர், ஒரு வருடம் முன்னால், பேஸ் நெஞ்சில் வந்து முட்டுகிறது. அதற்கும் முன்னால் ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவின் முதல் ஆல்பத்திலும் அவர்தான் பேஸ். 'ஜஸ்டிஸ்' தொடங்குகிற 'பிளாக்கன்ட்' பாட்டை எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. கையாலாகாதவனுக்கு யாரும் முதல் பாட்டில் இடம் கொடுக்க மாட்டார்கள்.

அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர்கள், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் அளந்து கலந்தவர்கள், ஸ்டீவ் தாம்ப்சன், மைக்கேல் பார்பியேரோ. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் பேஸைக் குறைக்கச் சொன்னார், குறைத்த பிறகு இன்னும் ஐந்தாறு டெசிபல் இறக்கச் சொன்னார் என்று தாம்ப்சன் பிற்காலத்தில் பேட்டியில் சொன்னார். ஆறு டெசிபல் என்றால் சிக்னல் பாதியாகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே காதுக்கு எட்டாத ஒன்றைப் பாதியாக்கினால் என்ன மிஞ்சும்? பாடகரும் கிட்டார்காரருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டோ, அப்போது நிகழ்ச்சிகளுக்கும் ஸ்டூடியோவுக்குமாக அலைந்ததில் காதே களைத்துப்போயிருந்தது என்றார். அதையும் நான் நம்புகிறேன். இரவெல்லாம் சப்வூஃபர் பக்கத்தில் நின்றுவிட்டுக் காலையில் மிக்ஸ் செய்தால் ட்ரெபிளைத்தான் (உச்ச ஒலியை) கூட்டத் தோன்றும்.

ஆனால் ஆட்களை மட்டும் குற்றம் சொன்னால் விஷயம் புரியாது. பேஸின் கீழ்க்கம்பி ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் கீழ்க்கம்பி ஈ சுமார் 82. ஸ்பீக்கரில் நமக்கு பேஸ் என்று கேட்பது பெரும்பாலும் அந்த 41 இல்லை, அதற்கு மேலே 80, 160 என்று எழும் ஒலிகள். சின்ன ஸ்பீக்கரில் 41 வரவே வராது. ஹெட்ஃபீல்ட் அந்த ஆல்பத்தில் கிட்டாரின் நடு ஒலியைக் குடைந்து எடுத்துவிட்டு, அடியை நன்றாகத் தடிமனாக வைத்திருக்கிறார். அதாவது பேஸ் உட்கார வேண்டிய பாயில் கிட்டார் கால் நீட்டிப் படுத்துவிட்டது. நியூஸ்டெட்டும் பிக் (கம்பியை மீட்டும் சில்லு) வைத்து, அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை), அதே வேகத்தில் வாசித்தார். அதுவும் ஒரு உதவிப் பொறியாளரை மட்டும் கூட வைத்துக்கொண்டு, மற்ற உறுப்பினர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் பதிவு செய்தார். "இந்த இடத்தில் நீ விலகிப் போ, அந்த இடத்தில் நான் விலகுகிறேன்" என்று சொல்ல ஆளே இல்லை. புதிதாக வந்தவரிடம் அப்படிப் பேசாமல் விட்டதுதான் என் கண்ணில் அவர்கள் செய்த உண்மையான கொடுமை. மிக்சரில் பேஸ் சத்தத்தை இறக்கியதெல்லாம் அப்புறம் நடந்தது.

1991-இல் வெளியான, கறுப்பு ஆல்பம் என்று ரசிகர்கள் சொல்லும் அடுத்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக பாப் ராக் வந்தார். அதே நியூஸ்டெட், அதே விரல். அதில் உள்ள 'சேட் பட் ட்ரூ' பாட்டில் பேஸ் தரையைத் தட்டுகிறது. அங்கே டிரம்ஸோடு சேர்ந்து நடக்கிற பேஸ் அது, கிட்டாரை நகல் எடுக்கிற பேஸ் இல்லை. கறுப்பு ஆல்பம் வியாபாரத்துக்காகச் செய்தது என்று திட்டுகிற த்ராஷ் (அதிவேக மெட்டல்) ரசிகர்கள் இந்த ஒரு விஷயத்துக்காவது அதை மதிக்க வேண்டும்.

த்ராஷ்பித்தன்

'கராஜ் டேஸ்' சரி, ஒத்துக்கொள்கிறேன். கறுப்பு ஆல்பத்தை மதிக்க மட்டும் சொல்லாதீர்கள்.

குளிர்காத்து (ஏற்காடு)

எனக்கு வேறு கருத்து இருக்கிறது. 'ஜஸ்டிஸ்' அப்படி வறண்டு, எலும்பு மட்டும் தெரிகிற மாதிரி இருப்பதால்தான் எனக்குப் பிடிக்கிறது. போரில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் இழந்து படுக்கையில் கிடப்பவனைப் பற்றிய பாட்டு 'ஒன்'. அதன் கடைசிப் பகுதியில் காலால் அடிக்கும் இரட்டைக் கிக் டிரம்மும் கிட்டாரும் துப்பாக்கி மாதிரி ஒன்றாகச் சுடும்போது அடியில் ஒரு கதகதப்பும் இல்லை. அந்தப் பாட்டுக்குக் கதகதப்பு எதற்கு? இணையத்தில் ரசிகர்கள் பேஸைக் கூட்டிச் செய்த பதிப்புகளைக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பயம் போய்விடுகிறது. 2018 மறுவெளியீட்டிலும் குழு பேஸைக் கூட்டவில்லை, அந்தக் காலத்தில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். அது சரியான முடிவு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த ஆல்பத்தைப் போனில் கேட்டுவிட்டுச் சண்டை போடாதீர்கள். மலையில் மழை நாளில் மின்சாரம் போனால் எங்களுக்கும் போன்தான் கதி, இருந்தாலும் சொல்கிறேன். நல்ல ஹெட்போனில் 'டு லிவ் இஸ் டு டை' கேளுங்கள். கிளிஃப் விட்டுப்போன ரிஃப்களை வைத்துக் கட்டிய பாட்டு அது. அதில் பேஸைத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

நாலுகம்பி

ஸ்பீக்கர்பெட்டி அண்ணா, ரொம்ப நன்றி. உங்கள் பதிலை அப்படியே குழுவில் போட்டேன். டிரம்மர் 'கராஜ் டேஸ்' கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. கிட்டார்காரன் மட்டும் "சரி, அப்போ என் ஆம்பில் என்ன குறைக்கணும்?" என்கிறான். என்ன சொல்லட்டும்? ஏற்காட்டு அண்ணன் சொன்ன மாதிரி ஹெட்போனில் கேட்டேன், பேஸ் இருக்கிறது, மெல்லியதாக. அவர் சொல்லும் பயம் புரிகிறது. ஆனாலும் அந்த இடத்தில் நின்று வாசித்தவரை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஸ்பீக்கர்பெட்டி

கேட்டானே, அதுவே போதும் தம்பி. கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டச் சொல், நடு ஒலியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கச் சொல். தனியாக வாசித்தால் மெலிந்து கேட்கும், அவனுக்குப் பிடிக்காது. நாலு பேரும் சேர்ந்து வாசிக்கும்போது கேட்டுவிட்டுப் பேசச் சொல். நீ உன் பேஸில் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்று, தறிச் சத்தத்தையும் தாண்டி விரல் அடி தெரியும். வால்யூமை ஏற்றாதே, அறை சின்னதாக இருந்தால் மூலையில் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். ரிஃபை முழுக்க நகல் எடுக்காமல், வெர்ஸில் (சரணத்தில்) கிக் டிரம் விழுகிற இடத்தில் மட்டும் வாசித்துப் பார். புது ஆம்ப் அதற்கப்புறம் யோசிக்கலாம்.