8 ஆயிரத்துக்குள் வால்வு ப்ரீஆம்ப், எதை வாங்கலாம்?

திருநகர்வாசி:
வணக்கம். வீட்டில் டிபிஏ3116 சிப் வைத்த குட்டி கிளாஸ் டி ஆம்ப், இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், லேப்டாப்பிலிருந்து ஒரு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றுகிற பெட்டி) வழியாகப் பாட்டு. தெளிவு இருக்கிறது, ஆனால் நாதஸ்வரம் மேலே ஏறும்போது காதில் குத்துகிறது, அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. தாத்தா வீட்டு வால்வு (சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழல்) ரேடியோ, போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசும், அந்தச் சத்தத்தில் இருந்த இதம் இன்னும் காதிலேயே நிற்கிறது. ஆன்லைனில் 6ஜே1 என்ற வால்வு இரண்டு வைத்த சின்ன ப்ரீஆம்ப் பெட்டி, டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவில் போடுவது, மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, இல்லை 12ஏயூ7 என்ற வால்வு வைத்ததாகப் பார்க்கவா?

சால்டரிங் கை:
அந்த மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கி நாலு திருகைக் கழற்றிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி இருந்தது, நாம் ரசிக்கிற வெளிச்சத்தில் பாதி அதுதான். பவர் 12 வோல்ட் அடாப்டர். 12ஏயூ7 டேட்டாஷீட்டை எடுத்தால் பிளேட்டுக்கு (வால்வுக்குள் இருக்கும் தகடு) 100 வோல்ட், 250 வோல்ட் என்று கணக்குப் போட்டிருப்பார்கள், இந்தப் பெட்டிகளில் வால்வு அரைப்பட்டினியில்தான் ஓடுகிறது. அதற்காக வேலை செய்யாது என்றில்லை, கொஞ்சம் இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஸ்வரத்தின் இரு மடங்கு அதிர்வெண்) சேரும், அவ்வளவுதான்.

முதல் நாள் நானே அசந்துபோனேன், இசை முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அப்புறம் சந்தேகம் வந்து 100 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி (அதிர்வெண் ரொம்ப மேலே போனால் சாதா மல்டிமீட்டர் பொய் சொல்லும்) ஸ்பீக்கர் முனையில் வோல்ட் பார்த்தேன். பெட்டி சத்தத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது! இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, தங்கச்சி மகனை விட்டு எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்துக்கு ஐந்து தடவை தப்பாகச் சொன்னேன், பயல் இன்னும் கிண்டல் செய்கிறான்.

மைக்செட் மகன்:
தம்பி, உசிலம்பட்டிப் பக்கம் எங்கப்பா மைக்செட் வைத்திருந்தார், வால்வு ஆம்ப்ளிபயரும் குழாய் ஸ்பீக்கரும் தலைமாட்டில் இருக்க வளர்ந்தவன் நான். உங்க தாத்தா ரேடியோவின் இதத்துக்கு வால்வு மட்டும் காரணமில்லை. மீடியம் வேவ் ஒலிபரப்பில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது, அதைப் பேசியது மரப்பெட்டிக்குள் ஒரே ஒரு காகிதக் கோன் ஸ்பீக்கர். குத்துவதற்கு அங்கே சரக்கே கிடையாது.

வாங்குவதாக இருந்தால் 12ஏயூ7 பக்கம் போங்க. உங்க டாக் 2 வோல்ட் தருகிற வகை என்றால் ஆம்புக்கு அதுவே தாராளம், மேலே கெயின் (சிக்னலைப் பெருக்குவது) வேண்டியதில்லை. 12ஏஎக்ஸ்7 என்று இன்னொன்று இருக்கிறது, அது நூறு மடங்கு ஆம்ப்ளிபிகேஷன் உள்ள வால்வு, 12ஏயூ7 இருபதுக்கும் கீழே. கெயின் ஏற ஏற இரைச்சலும் ஏறும், வால்யூம் குமிழை, கடிகார முள் மாதிரி சொன்னால், எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது.

230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்த கிட்டை மட்டும் அனுபவமில்லாமல் தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கன்டென்சரில் கரண்ட் நிற்கும். பதினாலு வயசில் எனக்கு ஒரு அடி விழுந்து பெஞ்சிலிருந்து கீழே கிடந்தேன், அப்பா முதலில் பார்த்தது ஆம்ப்ளிபயரைத்தான். இன்னொன்று, கரண்ட் போய் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறினால் அந்த டிரான்ஸ்பார்மர் உறுமும், நம்ம ஊரில் இதையும் யோசிக்கணும்.

கே.கே. நகர்:
ரூம் எப்படி? டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவரா? நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள், டிங் என்று திரும்பி வந்தால் குத்துவதில் பாதி ரூமின் வேலைதான். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் கனமான ஜமக்காளம் ஒன்றை விரித்துப் பாருங்கள், ஜன்னலுக்குச் சுங்குடிச் சேலை மாதிரி மெல்லிசாக இல்லாமல் கனமான திரை. லேப்டாப்பில் ஈக்வலைசர் போட்டு 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 2 டெசிபல் குறையுங்கள். செலவு பூஜ்யம். இதெல்லாம் செய்யாமல் வால்வு வாங்கினால், குழம்பில் உப்பு கூடிப்போனதற்குத் தட்டை மாற்றிய கதை.

திருநகர்வாசி:
கை தட்டினேன், டிங் என்றுதான் வந்தது. கல்யாணத்துக்கு வாங்கின பவானி ஜமக்காளம் பரணில் மடித்துக் கிடந்தது, விரித்தேன், 3 கிலோஹெர்ட்ஸையும் இறக்கினேன். நேற்று ராத்திரி ஒரு கச்சேரி முழுசாக ஒன்றரை மணி நேரம் கேட்டேன், தவில் தனி வரும்போது மட்டும் கொஞ்சம் எரிச்சல். வீட்டில் "இதுக்குத்தான் இத்தனை நாள் பெட்டி பெட்டினு புலம்பினீங்களா" என்று கேட்டுவிட்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த வெளிச்சத்துக்காகவாவது ஒன்று வேண்டும் என்று மனசு சொல்கிறது. எல்இடி இல்லாமல். அண்ணே, அப்பா காலத்துப் பழைய வால்வு எதுவும் மிச்சம் இருக்கிறதா?

மைக்செட் மகன்:
பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு நாலைந்து அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது தம்பி, எது உயிரோடு இருக்கிறது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 12ஏயூ7 பெட்டி வாங்கிட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துட்டு வாங்க, ஆனால் மதியத்துக்கு மேல், காலையில் ஒரு காதுகுத்துக்குக் குழாய் கட்டப் போகணும்.