ஏத்தத்துல இஞ்சின் கத்துது, வண்டி நகரல. கிளட்ச் போச்சா?

குலசேகரத்துக்காரன்
2009 மாடல் ஆல்டோ, 94,000 கிலோமீட்டர் ஓடினது. மூணு மாசம் முன்ன மார்த்தாண்டத்துல ஒருத்தர்ட்ட வாங்கினேன். டவுனுக்குள்ள ஒரு குறையும் இல்ல. பேச்சிப்பாறை ரோட்டு ஏத்தத்துல மூணாவது கியர்ல மிதிச்சா சத்தம் மட்டும் கூடுது, சவம் ஏற மாட்டேங்கு. நேத்து வீட்டுக்காரி என்னமோ கருகி நாறுதுன்னா. ஒர்க்ஷாப்புல பெடல மிதிச்சுக்கூட பாக்காம கிளட்ச் செட் மொத்தமா மாத்தணும்னுட்டாவ. நம்பலாமா?

தக்கலை பழைய மெக்கானிக்
தம்பி, பெடல கையால அமுத்திப் பாரு. முதல்ல ஒரு விரல் பருமன் லேசா போவணும், பொறவுதான் இறுக்கம் தட்டணும். அந்த லூசே இல்லன்னா, நீ கால எடுத்தாலும் கிளட்ச் பிளேட் (இஞ்சின் சுத்தத கியர்பாக்ஸுக்கு கடத்துத தட்டு) முழுசாப் பிடிக்காது. கேபிள் நுனியில உள்ள நட்ட கொஞ்சம் தளத்தினா சரியாவும், அஞ்சு நிமிச வேலை.

லூசு இருந்தும் வழுக்குதா? முன்னால ஆளில்லாத சமதரையில ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து, மூணாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து கிளட்ச மெதுவா விடு. இஞ்சின் இடிச்சு நிக்கணும். உறுமிக்கிட்டே கெடந்தா பிளேட் தேஞ்சாச்சு. ஒருக்கா போதும், திரும்பத் திரும்பச் செஞ்சா மிச்சமும் கருகிரும்.

ஆமா, நீ ஏத்தத்துல பிரேக் போடாம பாதி கிளட்சுலயே வண்டிய நிறுத்துத ஆளா?

கருங்கல் டாக்ஸி
எனக்கு பிளேட்டுல ஆயில். கிராங்க் பின்பக்க சீல் (இஞ்சின் ஆயில் வெளிய வராம அடைக்குத வளையம்) ஒழுகியிருக்கு. செட்ட மாத்தினவரு சீல விட்டுட்டாரு. ஆறே மாசத்துல மறுபடி கியர்பாக்ஸ இறக்கி ரெண்டாவது கூலி அழுதேன். ராத்திரி இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல, கீழ ஒரு அட்டைய விரிச்சு வையும். காலையில தெரியும்.

குலசேகரத்துக்காரன்
அட்டை சுத்தமா இருக்கு. பெடல்ல லூசு துளியும் இல்ல. தளத்தலாம்னு பாத்தா நட்டு ஏற்கெனவே கடைசி மரையில நிக்குது அண்ணே. (கிளட்சுல நிறுத்துத ஆளுதான், திட்டாதீங்க.)

தக்கலை பழைய மெக்கானிக்
அப்போ வித்தவருக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. பிளேட் தேயத் தேய லூசு கொறையும். தளத்தித் தளத்தி ஓட்டி, இனி வழியில்லன்னு ஆனதும் ஒன் தலையில கட்டியாச்சு. ஒர்க்ஷாப்புக்காரன் பாக்காமச் சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்கான்.

பிளேட், அத அமுக்கிப் பிடிக்குத பிரஷர் பிளேட், பெடல மிதிச்சா அந்தப் பிடிய விடுவிக்குத பேரிங் மூணையும் சேத்து மாத்து. சீல் வெல கொஞ்சந்தான், அதையும் அப்பவே போட்டுரு. பிளேட் போய் ஒட்டுத இஞ்சின் சக்கரம், அந்த ஃப்ளைவீல்ல, சூட்டுல நீலம் பாஞ்சோ வெடிச்சோ கெடக்கான்னு பக்கத்துல நின்னு பாரு. பழைய பிளேட்ட கையில வாங்கு. மேல்பூச்சப் பிடிச்சிருக்க ஆணி, அந்த ரிவெட் தலை நகத்துல தட்டுச்சுன்னா அதுல ஓட்ட இனி ஒண்ணும் இல்ல.