பிள்ளைகளை வைத்துக்கொண்டு நர்சிங் படித்தவர்கள்: பெங்களூரு அனுபவங்கள்

மர்பி டவுன்

எனக்கு வயது 33. கால் சென்டரில் டீம் லீடர். பெண் மூன்றாம் வகுப்பு, பையன் யுகேஜி. நர்சிங் சேரலாமா என்று ரொம்ப நாளாக யோசனை. வேலையை விடாமல் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? வீட்டில் "இந்த வயசில் என்ன படிப்பு" என்கிறார்கள். அதனால் ஆறுதல் வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

லிங்கராஜபுரத்து அக்கா

நேராகவே சொல்லிவிடுகிறேன். பகல் வேலையை வைத்துக்கொண்டு நர்சிங் படிக்க முடியாது. ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ, பிஎஸ்சி நர்சிங் பட்டம் இரண்டுமே முழுநேரப் படிப்பு. மாலை வகுப்பு கிடையாது, அஞ்சல் வழியும் கிடையாது. 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். வார்டு போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி டியூட்டிக்கு, அதுவும் போதாது, படிப்பு முடிவதற்குள் 100 விழுக்காடு கணக்குக் காட்ட வேண்டும். பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால், அந்த டியூட்டியை விடுமுறையில் போய் முடித்துக் கொடுக்க வேண்டும். குழந்தை இருக்கிறது என்று யாரும் தள்ளுபடி தரமாட்டார்கள்.

நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். கொரோனா ஊரடங்கில் சம்பளம் பாதியானது, பிறகு அதுவும் நின்றது. எங்கள் தெருவில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருக்கு மட்டும் வேலை நிற்கவில்லை. சேவை செய்யப் பிறந்தவள் என்றெல்லாம் நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கிற வேலை வேண்டும் என்றுதான் கிளம்பினேன். இன்டர்வியூவில் வேண்டுமானால் சேவை என்று சொல்லுங்கள்.

நான் ஓசூரில் பிளஸ் டூ காமர்ஸ் படித்தவள். பிஎஸ்சி நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 விழுக்காடு கேட்பார்கள், அதனால் அந்தக் கதவு எனக்கு இல்லை. ஜிஎன்எம்முக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 விழுக்காடு போதும். மூன்று வருடம், அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். இரண்டு படிப்புக்குமே மேல் வயது 35. ஏற்கெனவே ஏஎன்எம் என்கிற துணை நர்ஸ் படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும் ஜிஎன்எம்மில் அந்த வரம்பு இல்லை. உங்களுக்கு 33 என்றால் யோசிப்பதற்கு மிச்சம் இருப்பது கொஞ்ச காலம்தான்.

இதைத் தேட ஆரம்பித்ததுமே ஏஜென்ட்டுகள் வந்துவிடுவார்கள். சிவாஜிநகரில் என்னிடம் ஒருவர் சொன்னது: "மேடம், நீங்க வேலைக்கே போயிட்டிருங்க. பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும். அட்டெண்டன்ஸ் எல்லாம் அவங்க போட்டுக்குவாங்க." பணம் மட்டும் சற்று அதிகம். பிள்ளை வைத்திருக்கும், வேலைக்குப் போகும் பெண் என்று பார்த்துத்தான் இந்த வலையை விரிக்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். சர்டிபிகேட் செல்லுமா செல்லாதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ட்ரிப் திரவத்தில் கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவளுக்கும், வார்டில் சீனியர் சிஸ்டர் கையைப் பிடித்துத் தடுத்ததைப் பார்த்தவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வார்டையே பார்க்காமல் பாஸ் செய்துவிட்டு முதல் நைட் டியூட்டியில் முப்பது படுக்கைக்கு நடுவில் என்ன செய்வீர்கள்?

கல்லூரி பார்க்கும்போது மாநில நர்சிங் கவுன்சில் ஏற்பு, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல், டிப்ளமோ தேர்வு வாரிய இணைப்பு மூன்றையும் பாருங்கள். அதற்கும் மேலாக, வாசலில் நின்று மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்? லேபர் ரூம் போஸ்டிங் உண்டா?" உண்மை அங்கேதான் கிடைக்கும்.

பணத்துக்கு வருகிறேன். கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டவேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டுங்கள். நான் வேலையை விட்டாலும் கணக்கை விடவில்லை. நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுத்தேன். மாதம் 11ஆம் தேதி ஒரு தாக்கல், 20ஆம் தேதி ஒன்று, இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு. நீங்கள் கேட்ட "வேலை பார்த்துக்கொண்டே" என்பது என் வீட்டில் நடந்தது இப்படித்தான். நேரம் நம் கையில் இருக்கிற சின்ன வேலையாக இருந்தால் சரி, சிஃப்ட் போட்டுக் கூப்பிடுகிற வேலையாக இருந்தால் நடக்காது.

பிள்ளைகளை அம்மா வந்திருந்து பார்த்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் இல்லை, அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் இல்லாதவர்கள் முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் பிறகு ஃபீஸ் கட்டுங்கள். போஸ்டிங் காலை ஏழரைக்கு என்றால் ஸ்கூல் வேன் எட்டு மணிக்கு. அந்த அரை மணி நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும், தினமும் வேண்டும். என் கூடப் படித்த ஒரு தாய் பாதியில் நின்றதும் அந்த அரை மணியால்தான். பாடத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. கேரளாவில் இருந்து பாதிப் பேர், மணிப்பூர், வங்காளம் என்று மிச்சம். நான் எல்லோருக்கும் சேச்சி. அனாடமியில் எலும்புப் பெயர்கள் அவர்களுக்கு ஒரு ராத்திரியில் ஏறின, எனக்கு ஏறவில்லை. ஆனால் டோஸ் கணக்கு, ட்ரிப் கணக்கு என்றால் என்னைச் சுற்றித்தான் உட்காருவார்கள். 500 மில்லி, நாலு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் ட்ரிப் குழாய் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. டேலி கணக்கு மென்பொருளில் உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் விளையாட்டு.

தாய் என்பதால் குழந்தைகள் வார்டு எனக்குச் சுலபமாக இருக்கும் என்று மேடமே சொன்னார். நேர்மாறாக இருந்தது. நரம்பு கிடைக்காத கைக்குழந்தைக்கு இரண்டாவது தடவை கேனுலா (ட்ரிப் ஏற்றும் ஊசிக் குழாய்) குத்தும்போது சின்னப் பெண்கள் கை நடுங்காமல் செய்வார்கள். எனக்கு என் பையன் முகம் வரும். தாய் என்பது உதவியது வேறு இடத்தில். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒன்று, 250 ஒன்று என்று இரண்டு விதமாக வரும். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால் முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. வீட்டில் இரண்டு பாட்டிலும் வைத்திருந்து குழம்பியவள் நான். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் தாயிடம் "மூடி அளவு ஊற்று" என்று சொல்லி அனுப்பமாட்டேன். பாட்டிலை வாங்கிவரச் சொல்லி, லேபிளைப் பார்த்து, சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுப்பேன். தமிழோ கன்னடமோ உருதோ, கோடு எல்லோருக்கும் புரியும்.

கேஜிஎஃப் வண்டி

ஓர் அப்பாவும் இருக்கட்டும் இந்த வரிசையில். எங்கள் அப்பா கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். 2001இல் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கேஜிஎஃப்காரன் பிழைப்பு என்றால் விடிகாலை மாரிக்குப்பம் ரயில் வண்டிதான், பங்காருப்பேட்டை வழியாக பெங்களூரு. நானும் ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனுக்கு அதே வண்டியில் போய் வந்தவன். பெண் பிறந்த பிறகு ஜிஎன்எம் சேர்ந்தேன். "ஆம்பிளை நர்சா" என்று சிரித்தவர்கள் அதே பெட்டியில் இப்போது பி.பி. மாத்திரைச் சீட்டை நீட்டுகிறார்கள்.

அக்கா சொல்லாத விஷயம், வேலை கிடைத்த பிறகு என்ன என்பது. ஆணுக்கு ஐசியூ, கேஷுவால்டியில் உடனே இடம் உண்டு, நோயாளியைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே. ஆனால் நைட் முடிந்து வீட்டுக்கு வந்தால் பகலில் குழந்தை தூங்கவிடாது. மனைவி கார்மென்ட்ஸுக்குப் போன பிறகு நானும் பெண்ணும் மட்டும். மூன்று நைட் தொடர்ந்து பார்த்துவிட்டு அடுப்பில் பால் வைத்து நின்றபடியே தூங்கியவன் நான். இப்போது நைட் வாரத்தில் பெண் பாட்டி வீட்டில். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சம்பளம்: 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடு என்றது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் அந்தத் தாளைக் காட்டினால் சிரிப்பார்கள். அரசு வேலைக் கனவு இருந்தால் வயதைப் பாருங்கள். எய்ம்ஸ் நர்ஸ் தேர்வுக்கு பொதுப் பிரிவில் 30தான் வரம்பு. ஓபிசிக்கு 3 வருடம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருடம் தளர்வு. இடங்களிலும் நூற்றுக்கு 80 பெண்களுக்கு. 33இல் சேர்ந்து 36இல் வெளியே வரும் ஆள் அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மாநில அரசு அறிவிப்புகளுக்கு வரம்பு வேறு, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அல்சூர்

எனக்கு 38. கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், வயது தாண்டிவிட்டது என்று. பிறகு ஜிடிஏ என்கிற உதவியாளர் பயிற்சியை முடித்து ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, பி.பி., ஜுரம் பார்த்து எழுதுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. நர்ஸ் அல்ல. இதைச் சொல்லக் காரணம், ஆள் குறைவான இடங்களில் ராத்திரி "நீயே அந்த ஊசியைப் போட்டுவிடு" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். போடமாட்டேன் என்றேன். முகத்தைச் சுளித்தார்கள், வேலையை விட்டு எடுக்கவில்லை. இப்போது வேறு இடத்தில், பகல் டியூட்டி மட்டும். பிள்ளை ஸ்கூலில் இருந்து வரும்போது நானும் வந்துவிடுகிறேன். இது நர்சிங்குக்கு மாற்று என்று நினைத்து வராதீர்கள், சம்பளம் அதில் பாதிகூட வராது. ஆனால் 35 தாண்டியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு "சீட் உண்டு" என்பவனிடம் ஏமாறுவதைவிட இது மேல்.

ராமமூர்த்தி நகர்

சின்ன விஷயம் ஒன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்பது 2017இல் வந்த திருத்தம். நான் கேட்டபோது எச்.ஆரில் "எல்லாரும் அம்மா வீட்டில்தானே விடுகிறார்கள்" என்றார். எழுதிக் கொடுத்துக் கேட்ட பிறகு பக்கத்துக் காப்பகம் ஒன்றோடு ஏற்பாடு செய்தார்கள். வேலையில் சேரும்போதே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் ஆறு மாதம் இழுக்கிறார்கள். படிக்கும் காலத்துக்கு இது பொருந்தாது, ஊழியர்களுக்கு மட்டும்தான்.

மர்பி டவுன்

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்ட் ஒருவர் எனக்கும் போன் செய்துகொண்டிருந்தார், இனி எடுக்கப்போவதில்லை. கம்பெனியில் நைட் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு பகலில் படித்தால் என்ன என்று ஒரு எண்ணம் இருந்தது. கேஜிஎஃப் அண்ணன் எழுதியதைப் படித்ததும் அதையும் விட்டேன். இன்னொரு பயம் பாக்கி இருக்கிறது. டிபி வார்டு, ஊசி குத்திக்கொள்வது என்று கேள்விப்படுகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட மாட்டோமா? பையனுக்கு ஏற்கெனவே வீசிங்.

லிங்கராஜபுரத்து அக்கா

நல்ல கேள்வி, என் மாமியார் இதை வைத்தே ஒரு வருடம் ஓட்டினார். யூனிஃபார்மை ஆஸ்பத்திரியிலேயே மாற்றி, தனிப் பையில் கொண்டுவந்து, தனியாகத் துவையுங்கள். பஸ்ஸில் வெள்ளைச் சட்டையோடு வருகிற பழக்கம் வேண்டாம். டிபி வார்டில் சாதாரண மாஸ்க் நம்மைக் காக்காது, என்95 கேளுங்கள், முகத்தில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

ஊசி குத்திவிட்டால் பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே இன்சார்ஜிடம் சொல்லி, பதிவேட்டில் எழுத வையுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. திட்டுவார்கள் என்று மறைக்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாம் வீட்டில் இரண்டு பேரை வைத்திருக்கிறோம், திட்டு வாங்கினால் பரவாயில்லை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கல்லூரியில் போடுவார்கள் என்று காத்திருக்காமல் இப்போதே முதலாவதைப் போட்டுவிடுங்கள், வார்டுக்குப் போவதற்குள் இரண்டாவதாவது முடிந்துவிடும். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு பரிசோதனை உண்டு, அந்த அளவு 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், வேலைக்குச் சேரும் இடத்தில் கேட்பார்கள்.