செவ்வந்தி மொட்டே வைக்கவில்லை, உதவுங்கள்

செம்மண்காடு:
தொண்டாமுத்தூர்ப் பக்கம் அரை ஏக்கர் செவ்வந்தி. செடி தளதளவென்று முழங்காலுக்கு மேல் நிற்கிறது, ஒரு மொட்டைக் காணோம். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டும். என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மஞ்சள்மேடு:
என்ன ரகங்க? எப்போது நட்டீங்க? நுனி கிள்ளினீங்களா?

கீரைப்பாத்தி:
யூரியா கூடிப்போயிருக்கும். தழைச்சத்து ஏறினால் செடி இலையாகவே ஓடும். எங்கள் காட்டில் பொட்டாஷ் வைத்த பிறகுதான் பூவே வந்தது.

வித்திலை:
இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதுவது? உரத்துக்கு முன்னால் வெளிச்சத்தைக் கேளுங்கள். செவ்வந்தி குறும்பகல் பயிர். இரவு எவ்வளவு நேரம் விடாமல் இருட்டாக இருக்கிறது என்பதைத்தான் இலை பார்க்கும். இருட்டு நீண்டால் இலையில் எஃப்டிஎல்3 என்ற மரபணு வேலை செய்யும். அதன் புரதம் நுனிக்குப் போய் மொட்டு வைக்கச் சொல்லும். நடுராத்திரியில் வெளிச்சம் பட்டால் ஏஎஃப்டி என்ற எதிர் மரபணு கிளம்பி, நுனியில் அந்தப் புரதம் சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பான்காரர்கள் 2013-இல் காட்டியது இது. பூவைத் தள்ளிப்போடப் பசுமைக்குடிலில் ராத்திரி பல்பு போடுவதும் இதற்குத்தான்.

மஞ்சள்மேடு:
பக்கத்தில் விளக்கு ஏதும் எரியுதுங்களா?

ஆத்தங்கரை:
கரும்பும் பொழுது பார்த்துத்தான் பூக்கும். கோவையில் நன்றாகப் பூக்கும், வடக்கே சரியாகப் பூக்காது. 1912-இல் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தை இங்கே வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் ஒரு சந்தேகம், வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் இத்தனை வருஷமாகியும் பூக்கவில்லை. அதற்கும் பல்புதானா?

வித்திலை:
ஊசியிலை மரம் பூக்காது, கூம்புதான் வைக்கும். பள்ளிக்கூடப் பாடம் இது.

கீரைப்பாத்தி:
அப்படியென்றால் அதில் பூ மரபணுவே இருக்காதே.

பைன்காடு:
உறவுக்கார மரபணு இருக்கிறது. நார்வே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் அதன் பெயர் எஃப்டிஎல்2. குளிருக்கு முன் வளர்ச்சியை நிறுத்தி, பூ மொட்டை அல்ல, குருத்து மொட்டை மூட வைப்பது அதன் வேலை. கூம்பு வைப்பதற்கு வயது வர வேண்டும், அந்த மரத்துக்கு 20 வருஷம்கூட ஆகும். அதிலேயே அக்ரோகோனா என்ற திரிபு வகை சின்ன வயதிலேயே கூம்பு வைத்துவிடும். ஆக, வயதுக் கணக்கிலும் மரபணுவுக்குக் கை இருக்கிறது.

கீரைப்பாத்தி:
20 வருஷமா? ஊட்டியில் மாமா வீட்டுப் பைன் அதற்கு வெகு முன்னாலேயே காய்த்தது.

பைன்காடு:
பைன் வேறு, ஸ்ப்ரூஸ் வேறுங்க. நீலகிரியில் நட்ட பைன்களில் சீக்கிரம் காய்ப்பதும் உண்டு.

செம்மண்காடு:
காட்டுப்பன்றிக்காக மோட்டார் ரூம் மேல் எல்இடி விளக்கு விடிய விடிய எரிகிறது. போய்ப் பார்த்தேன். ரூமுக்குப் பின்னால், வெளிச்சம் படாத வரிசையில் கடுகளவு மொட்டு இருக்கிறது. எதிரில் உள்ள பாத்திகளில் ஒன்றுமில்லை.

மஞ்சள்மேடு:
அப்படியென்றால் மருந்து எதுவும் வேண்டாங்க. விளக்கை வேலிப்பக்கம் திருப்பி, செடிப்பக்கம் ஒரு தகரம் கட்டி மறைங்க. இன்று முதல் இருட்டு கிடைத்தாலும் பூ விரிய ஏழெட்டு வாரம் ஆகலாம். முன்பாத்திகளைக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்க.

வித்திலை:
ரகம் தெரியாமல் வாரக்கணக்குச் சொல்லக் கூடாது.

செம்மண்காடு:
திருப்பியாச்சு. தகரம் நாளைக்குக் கட்டுகிறேன். நன்றிங்க.