ரெஃப்யூஜியத்துக்கு ‘புகலறை’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கடல்மீன் தொட்டியோடு வைக்கும் ரெஃப்யூஜியம் (refugium) என்ற பகுதிக்கு, நம் சொற்பட்டியலில் சேர்க்கத் தமிழ்ச் சொல் கேட்டு முந்தாநாள் நான் எழுதிய மடலுக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒவ்வொன்றாகப் பேசும் முன், கடல்மீன் வளர்க்காதவர்களுக்காக அந்தப் பொருள் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொருளைப் பார்க்காமல் சொல் தேடினால் அகராதியைத்தான் புரட்டிக்கொண்டிருப்போம்.

எங்கள் வீடு சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை வீடு. வரவேற்பறையில் மூன்றடி நீளத்தில் ஒரு பவளத்தொட்டி. அதன் அலமாரிக்குள்ளே இரண்டடிக்குக் கீழ்த்தொட்டி; சம்ப்புக்கு (sump) நாம் முன்பே ஒப்புக்கொண்ட சொல்தான். மேலேயிருந்து தண்ணீர் வழிந்து கீழே வரும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் நுரைபிரிப்பியைக் கடந்து, பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறும். இந்தக் கீழ்த்தொட்டியில் கண்ணாடித் தடுப்பு ஒட்டி, நடுப்பகுதியில் மூன்று விரற்கடை மணல், கொஞ்சம் உடைந்த பவளக்கல், ஒரு பிடி கடற்பாசி, மேலே ஒரு விளக்கு வைத்திருக்கிறேன். அதுதான் ரெஃப்யூஜியம். மேலே ஓடுகிற அதே தண்ணீர்தான் இங்கேயும் ஓடுகிறது. ஆனால் மீன் இங்கே வர முடியாது.

மீன் வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். பாசி பெருத்துவிட்டதென்று பாதியை எடுத்து வெள்ளை பேசினில் போட்டு உதறுவேன். கீட்டோமார்ஃபா என்கிற பாசி அது. சிக்குப் பிடித்த பச்சைத் தூண்டில் நூல் மாதிரி இருக்கும், கையில் கரகரக்கும். உதறிய தண்ணீரை ஒரு நிமிடம் அசையாமல் விட்டால் பேசின் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் துள்ள ஆரம்பிக்கும். அவைதான் துடுப்புக்காலிகள், ஆங்கிலத்தில் கோப்பெபாட். கோப்பெபாட் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் துடுப்புக்கால் என்றுதான் பொருள். அவற்றுக்கு நடுவே, அரிசி அளவில், முதுகு வளைந்து பக்கவாட்டில் நீந்துகிற, இறால் போன்ற ஆம்பிபாடுகள். மேல்தொட்டியில் இவை பகலில் தலைகாட்டினால் ஒரு நொடியில் மீன் வாய்க்குள் போய்விடும். இங்கே முட்டையிட்டுப் பெருகி, பம்போடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய் மீனுக்கு இரையாகின்றன.

நான் இதை வைத்ததே ஒரு மாண்டரின் மீனுக்காக. முதலில் வாங்கியது நாலு மாதத்தில் வயிறு ஒட்டி, என் கண் முன்னாலேயே செத்துப்போனது. நாள் முழுக்கக் கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன் அது. அதற்குத் துடுப்புக்காலிதான் சாப்பாடு. சின்னத் தொட்டியில் இருந்ததெல்லாம் சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது இருக்கும் மாண்டரினுக்கு மூன்றாவது வருடம் நடக்கிறது.

பாசிக்கும் ஒரு வேலை உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சித்தான் அது வளர்கிறது. ஆகவே நான் பாசியை அள்ளி வெளியே எடுக்கும்போது அவையும் சேர்ந்து வெளியேறுகின்றன.

சரி, இனி சொற்கள்.

> ‘அடைக்கலத்தொட்டி’ என்று சொன்னாலே போதுமே?

கோவை நண்பரின் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. சிட்டுக்குருவிக்கு அடைக்கலக்குருவி என்றும் பெயர் உண்டு என்று அவர் எடுத்துக்காட்டியதும், நம் ஆட்கள் சின்ன உயிருக்கும் இந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். ஆனால் அடைக்கலம் என்றால் கொடுப்பவர் ஒருவர், கேட்டு வருபவர் ஒருவர் வேண்டும். துடுப்புக்காலி எங்கிருந்தும் கேட்டு வரவில்லை, அங்கேயே பிறக்கிறது. அப்புறம் நீளம். ‘அடைக்கலத்தொட்டி விளக்கை அணைத்தாயா’ என்று என் மகனிடம் ஒருநாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். மாலைக்குள் அது ‘கீழ் விளக்கு’ ஆகிவிட்டது.

> பாசித்தொட்டி. எளிமை. முடிந்தது.

ஜொகூர் அண்ணன் மன்னிக்க வேண்டும். பாசி என்றதும் நம் ஆட்களுக்குக் கண்ணாடியில் படியும் பச்சைதான் நினைவுக்கு வரும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்கிறோம். புதிதாக வருகிறவர் பாசி பிடித்துக் கெட்டுப்போன தொட்டி என்று நினைத்துவிடுவார். அதோடு, பாசியே இல்லாமல் வெறும் கல்லும் மணலும் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்டல் (மாங்குரோவ்) கன்றுகளை நட்டு, இலையைத் தண்ணீருக்கு மேலே விட்டு வளர்ப்பவர்களும் உண்டு. பாசி அங்கே குடியிருக்கும் ஒன்று, அவ்வளவே.

நாற்றங்கால் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அழகான சொல். ஆனால் மீன் வளர்ப்பில் நாற்றங்கால் குளம் என்றால் மீன்குஞ்சு வளர்க்கும் குளம். அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. ஏமவறை என்றும் ஒரு யோசனை வந்தது. குறளில் ‘ஏமப் புணை’ என்று வருகிற அந்த ஏமம்தான், பாதுகாப்பு என்ற பொருளில். இன்று கேட்பவர் காதில் ஏமாற்றம்தான் விழுகிறது. அதை விளக்கி விளக்கியே நாள் போய்விடும். அம்மாவிடம் கீழ்த்தொட்டியைத் திறந்து காட்டியபோது, “பருந்துக்குப் பயந்து குஞ்சைப் பஞ்சாரத்துல கவுத்து வைக்கிற மாதிரியா?” என்று கேட்டார். இதுவரை வந்ததில் இதைவிடச் சரியான விளக்கம் இல்லை. ஆனால் பஞ்சாரத்துக் குஞ்சு வெளியே போக முடியாது. இங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பது வெளியே போய்க்கொண்டே இருக்கிறது.

இனி நான் அதிக நேரம் யோசித்த, டீச்சரின் மடல்.

> புகலிடம் என்றால் எங்கள் ஆட்களுக்கு விசா வரிசைதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை மீன்தொட்டிக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

டீச்சர், நீங்கள் சொன்னது நியாயம். புகலிடக் கோரிக்கை, புகலிட இலக்கியம் என்று அந்தச் சொல்லில் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை ஏறி நிற்கிறது. லத்தீனில் ரெஃப்யூஜியம் என்றால் ஓடிப்போய் ஒதுங்கும் இடம். ஆங்கிலத்தில் அகதியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே நேர்ப்பெயர்ப்பு புகலிடம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதை நான் தொடப்போவதில்லை. பனியுகத்தில் உயிரினங்கள் ஒதுங்கிப் பிழைத்த நிலப்பகுதிகளையும் உயிரியலில் ரெஃப்யூஜியம் என்கிறார்கள். அந்தப் பொருளுக்கு என்ன சொல் என்பதைத் தனியாகப் பேசுவோம்.

ஒதுக்கறை என்று மாற்றிப் பார்த்தேன். ‘ஒதுக்கிவைத்தல்’ உடனே கூட வந்து நின்றது. காப்பறை, பூட்டிவைக்கும் இடம் போலக் கேட்டது.

கடைசியில் புகல் என்ற வேரை மட்டும் வைத்துக்கொண்டு ‘புகலறை’ என்று எழுதிப் பார்த்தேன். புகல் என்றால் தஞ்சம். புகுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. தண்ணீர் புகுந்து போகும் இடத்துக்கு அது பொருந்துகிறது. அறை என்பதும் சரி, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இது தடுப்புக்குள் இருக்கும் ஓர் அறைதான். தனித்தொட்டியாக வைப்பவர்கள் ‘தனிப்புகலறை’ என்றும், பின்கண்ணாடியில் மாட்டுபவர்கள் ‘தொங்கு புகலறை’ என்றும் சொல்லலாம். புகல்தொட்டி என்றே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இலக்கணப்படி அது புகற்றொட்டி ஆகும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. தொலைபேசியில் நண்பரிடம் சொன்னபோது அவர் ‘பகலறை’ என்று எழுதிக்கொண்டார். இதில் குழப்பம் கூடும், ஏனென்றால் இந்த அறைக்கு வெளிச்சம் இரவில்தான். மேல்விளக்கு பத்து மணிக்கு அணைந்ததும் கீழ்விளக்கு எரியும். இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்று, கரியமில வாயு தங்கி, தண்ணீரின் பிஎச் இறங்கும். ஏர்கான் போட்டு ஜன்னலை அடைத்துவைக்கும் நம் வீடுகளில் இன்னும் இறங்கும். என் தொட்டியில் விடியற்காலையில் 7.8 காட்டியது, கீழே பாசிக்கு இரவில் வெளிச்சம் கொடுத்த பிறகு 8.0க்கு வந்தது. பேச்சில் ‘புகல் அறை’ என்று சற்று நிறுத்திச் சொன்னால் சரியாகக் கேட்கிறது. மகனிடமும் சோதித்தேன். மூன்று நாளாக ‘புகலறை லைட்’ என்கிறான். லைட்டை அவன் விடமாட்டான், சொல்லை எடுத்துக்கொண்டான்.

சொற்பட்டியலில் எழுத நினைத்திருக்கும் வரையறை இது: ‘புகலறை: கடல்நீர்த் தொட்டியோடு ஒரே நீரோட்டத்தில் இணைந்த, மீன் நுழையாத, சிற்றுயிரும் பாசியும் பெருகுவதற்கான தனிப்பகுதி.’ வடிகட்டி என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். வடிகட்டி என்று நினைத்துத்தான் பலர் அழுத்தமாகத் தண்ணீரை அடித்து, வாரம்தோறும் மணலைக் கழுவி, அங்கே பிறந்ததையெல்லாம் கொன்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று, நம் மீன்வளர்ப்பு வழிகாட்டியில் கோலர்ப்பா பாசிக்கு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். நான் அதைத்தான் முதலில் போட்டேன். வெட்டாமல் விட்டதில் ஒரே இரவில் இனப்பெருக்க அணுக்களைக் கக்கி வெளுத்துப்போய், தொட்டி பால் கலந்ததுபோல் ஆகிவிட்டது. கீட்டோமார்ஃபாவில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். டீச்சர், புகல் என்ற வேரே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள், நிறுத்திவைக்கிறேன்.